யாருமே இல்லாத மனையில் ஒரு வெளிநாட்டுக்காரி

திங்கட்கிழமை, காலை 5.40. வலங்கைமான் கடைத்தெருவில் கும்பகோணம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். நான், என் வீட்டுக்காரர் தங்கராசு, ஒரு மஞ்சள் துணிப்பை. பைக்குள் என் பாஸ்போர்ட், ஆறு புகைப்படங்கள், அத்தை கட்டிக்கொடுத்த புளிசாதம். மேடானில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கப் போவார்கள். நான் மூன்று முறை போயும் அந்தக் கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். என் புருஷன் வீட்டில் நான் இருக்கலாமா என்று போலீஸைக் கேட்பதற்குத்தான் மூன்று முறையும் போனேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அப்பா இந்த ஊரிலிருந்து கப்பலேறி சுமத்திராவுக்குப் போனவர்; நான் அங்கே மேடானில் பிறந்தவள். அவருடைய தங்கை, என் அத்தை அஞ்சலை, இங்கேயே இருந்துவிட்டார். ஒன்பது மாதத்துக்கு முன்னால் நான் பினாங்கு வழியாக நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியது அத்தையைப் பார்க்க. அத்தையைப் பார்த்தேன். அத்தை மகனையும் பார்த்தேன். கல்யாணம் ஆகிவிட்டது, அந்தத் திங்கட்கிழமை வயிற்றில் நான்கு மாதம். விசா முடிய இன்னும் பத்து நாள். அதற்குள் குடியிருப்பு அனுமதி கிடைக்காவிட்டால் நான் மேடானுக்குத் திரும்பி அங்கிருந்து புதிதாக மனுப் போட வேண்டும். அது முடிவதற்குள் பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்துவிடும். தங்கராசுக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது, கப்பலேறும் வசதியும் கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டை எடை போடுகிற உத்தியோகம்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. வலங்கைமானுக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதினால் எங்கள் மிராசுதார் அதற்கும் ஒரு வழக்குப் போடுவார்.

கும்பகோணத்துக்குப் பத்து கிலோமீட்டர், முப்பத்தைந்து பைசா. அரசலாற்றுப் பாலம் தாண்டும்போது நடத்துனர் வந்தார்.

"எதுவரைக்கும் போறீங்க?"

"கும்பகோணம். அங்கேர்ந்து தஞ்சாவூர் போலீஸ் ஆபீஸ்" என்றேன். எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லிவிடுவது என் கெட்ட பழக்கம்.

நடத்துனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தங்கராசு பக்கம் குனிந்து, "வீட்டுல சண்டையா தம்பி? பேசித் தீத்துக்கலாமே" என்றார்.

"சண்டை இல்லீங்க. அவங்க வெளிநாட்டுக்காரங்க."

"அப்படித்தான் தம்பி தோணும். எங்க வீட்டுலயும் சில நாள் அப்படித்தான் பேசுறாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தார்.

கும்பகோணத்தில் பஸ் மாறி, பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய், கோழிக்கு இலவசம். புரட்டாசி மாதம். குறுவை முற்றி அறுவடைக்கு நின்றது. கூலித் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம் அது. வரப்புகளில் சிவப்புக் கொடி, சாலையோரத்தில் போலீஸின் நீல வண்டி. சில வயல்களில் கதிரைவிட நெருக்கமாகப் போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

காலை 9.15. மாவட்டப் போலீஸ் அலுவலகம். கழக ஆட்சி வந்ததிலிருந்து எல்லாப் பலகைகளையும் நல்ல தமிழில் மாற்றியிருந்தார்கள். 'அயல்நாட்டினர் பதிவுப் பிரிவு' என்ற பலகையின்மேல் யாரோ ஒரு காக்கிச் சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். அதைத் தூக்கிப் பார்த்துதான் இடத்தைக் கண்டுபிடித்தோம். வாசலில் இருந்த கான்ஸ்டபிள் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளைக்காரங்க வரலியா? நீங்க அவங்க வீட்டுல வேலை பாக்குறவங்களா?"

"நான்தாங்க வெளிநாட்டுக்காரி."

அவர் என் கண்டாங்கிச் சேலையைப் பார்த்தார், தலையில் இருந்த கனகாம்பரத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார். "மூஞ்சி என்னவோ ஒத்துப் போவுது" என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டு உள்ளே விட்டார்.

உள்ளே இருந்த ரைட்டர் ஒல்லியான, மரியாதையான மனிதர். அவருடைய பதிவேட்டில் மொத்தமே ஐந்தாறு பேர். மிருதங்கம் கற்கும் ஒரு ஜெர்மன்காரர், தரங்கம்பாடியில் பழைய கல்லறைகளைப் படம் வரையும் டென்மார்க் தம்பதி, இப்படி. எல்லோரும் பார்த்த மாத்திரத்தில் வெளிநாட்டினர் என்று தெரியும் ஒழுங்கான வெளிநாட்டினர்.

"வந்த நோக்கம்?"

"அத்தையைப் பார்க்க."

"பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு."

"அப்ப கிளம்ப வேண்டியதுதானேம்மா?"

"அத்தை மகனையும் பார்த்துட்டேன் சார்."

ரைட்டர் தங்கராசுவைப் பார்த்தார். தங்கராசு வெட்கப்பட்டார். 'திருமணம்' என்று எழுதிக்கொண்டார் ரைட்டர். புகைப்படம் சரி, திருமணப் பதிவு சரி, சம்பளச் சான்று சரி. "எல்லாம் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் குறையுது. நீங்க எந்த வீட்டுல இருக்கீங்க, எத்தனை நாளா, மனை யாருதுன்னு ஒரு குடியிருப்புச் சான்று. மனைக்காரர் கையெழுத்தும் கர்ணம் கையெழுத்தும் இருந்தாப் போதும். சின்ன விஷயம்."

சின்ன விஷயம் என்று அவர் சொன்னபோது நான் சிரித்தேன். தங்கராசு சிரிக்கவில்லை. பெரிய கோயில் பக்கமாகப் பஸ் திரும்பும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

எங்கள் தெருவில் முப்பது குடும்பங்கள். எல்லோரும் பரம்பரையாக அந்த மிராசுதார் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். வீடுகள் நிற்கும் மனையும் அவருடையது. இப்போது அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. பண்ணையில் வேலை செய்கிறவன் எந்த மனையில் குடியிருக்கிறானோ அந்த மனை அவனுக்கே சொந்தம். ஆனால் குடியிருப்பதை நிரூபிக்க வேண்டும். மிராசுதார் என்ன செய்தார் தெரியுமா? அந்த இடம் வெறும் தென்னந்தோப்பு, அங்கே யாருமே குடியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். தெருவில் யாரிடமும் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட கிடையாது. அவர் மட்டுமல்ல, இந்தப் பக்கத்து நிலக்காரர்கள் எல்லோருக்குமே இந்த வியாதி உண்டு. இன்னான் இங்கே இருக்கிறான் என்று கல்யாணப் பத்திரிகையில்கூட எழுதமாட்டார்கள்.

ஆக, நான் இந்த நாட்டில் இருக்க வேண்டுமானால், யாருமே இல்லாத இடத்தில் நான் இருக்கிறேன் என்று அந்த மிராசுதார் எழுதித்தர வேண்டும். பஸ் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். மசக்கை என்று நினைத்த பக்கத்துச் சீட்டு அம்மாள் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை, மாலை 4 மணி. மிராசுதார் வீடு. இது பயணத்தில் மிகக் குறுகிய பகுதி, நடந்தால் பத்து நிமிடம். தூரம் குறைவே தவிர, என் மாமனார் உயிரோடிருந்தவரை அந்த வீட்டின் முன்வாசல் வழியாகப் போனதில்லையாம். நான் பாஸ்போர்ட்டை முன்னால் நீட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனேன். மிராசுதார் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஊரின் நிலக் கணக்கு எழுதும் கர்ணம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

என்னை எப்படி நடத்துவது என்று மிராசுதாருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்க்கும்போது 'நீங்க' என்றார். அத்தையின் ஞாபகம் வந்ததும் 'நீ' என்றார். நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி வந்ததும், இதைப் போடச் சொன்னது யார் என்பதுபோலப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"சான்றுதானே? தாராளமா எழுதித் தர்றேன். ஆனா அந்த இடத்துல யாரும் குடியில்லியே" என்றார்.

"நான் இருக்கேனே."

"அது தோப்பும்மா."

கர்ணத்தைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "நம்ம கணக்குப்படி அங்க பதினெட்டு தென்னமரம் இருக்குங்க. மனுஷங்க இல்லீங்க" என்றார். முந்தின வாரம்தான் எங்கள் வீட்டு வாசலில் நின்று அத்தையிடம் முருங்கைக்காய் வாங்கிப் போனவர்.

பிறகு மிராசுதார் குரலைத் தணித்தார். "ஒண்ணு செய்யலாம். நம்ம ரைஸ்மில் மாடியில ஒரு ரூம் இருக்கு. காத்து வரும். நீங்க அங்க இருக்கிறதா எழுதித் தர்றேன். கர்ணம் இப்பவே கையெழுத்துப் போடுவார். தோப்புல குடியில்லன்னு நீயும் ஒரு வரி எழுதிக் குடுத்துடு. முடிஞ்சுபோச்சு."

மறுநாள் காலைப் பஸ்ஸில் போனால் மத்தியானம் அனுமதி. ஒரே ஒரு வரி. பொய் சொல்ல மாட்டேன் என்கிற அளவுக்கு நான் உத்தமி கிடையாது. சுங்கத்தில் இரண்டு கைலியை மறைத்துக் கொண்டுவந்தவள்தான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். எழுந்திருக்கவில்லை. "எழுதிக் குடுத்துடு தாயி. புள்ளத்தாச்சி நீ. கப்பல்ல அனுப்பிட்டு நாங்க என்ன பண்ணுவோம்? மனை போனாப் போவுது. இத்தன நாளும் அவரு மனைதானே" என்றார். தங்கராசு, "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

அவர்கள் கோபித்திருந்தால் ஒருவேளை நான் எழுதிக் கொடுத்திருப்பேன். விட்டுக்கொடுத்ததுதான் என்னை என்னவோ செய்தது. மேடானில் அப்பா இந்தியராக இருந்த காலத்தில் வருஷா வருஷம் அயல்நாட்டார் வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. அங்கே ஒரு தலைமுறை நின்றாகிவிட்டது. இங்கே நான் நிற்கிறேன். இதற்கு நடுவே இந்த வீட்டில் பிறந்த மனுஷரையே இங்கே இல்லை என்று என் கையால் எழுத வேண்டுமாம். "நான் என்ன அரிசி மூட்டையா, மில்லுல போய் இருக்க? மாட்டேன்" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு முனியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

புதன்கிழமை. முனியம்மாள் மூலமாகச் சேதி போய், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கோவிந்தன் சைக்கிளில் வந்தார். எல்லோரையும் 'தோழர்' என்பார், எங்கள் வீட்டு ஆட்டைக்கூட. "மிராசுதார் கையெழுத்து எதுக்கு தோழர்? சங்கம் குடுக்குது சான்று!" என்று சங்கத்தின் தாளில் ஒரு பக்கம் எழுதி, முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் வைத்தேன். பிரித்துப் படிக்காதது என் தப்பு.

வியாழக்கிழமை, மறுபடியும் அதே 5.40 பஸ், அதே நடத்துனர். "இன்னும் தீரலியா?" என்று தங்கராசுவைத் தோளில் தட்டினார்.

ரைட்டர் சங்கத்தின் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் முறை படித்தார்.

"அம்மா, நீங்க ஒம்பது மாசம் முந்தி நாகப்பட்டினத்துல இறங்குனதா பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்கு."

"ஆமா சார்."

"இவர் நீங்க முப்பது வருஷமா மேற்படி மனையில குடியிருந்து, நாத்து நட்டு, களை பறிச்சு, மூணு போராட்டத்துல சிறைக்குப் போனதா எழுதியிருக்காரே. உங்களுக்கு வயசே இருபத்தாறுதானே?"

கோவிந்தன் தெருவில் எல்லோருக்கும் அதே வாசகத்தை எழுதி எழுதிக் கை பழகிப்போயிருந்தார். ரைட்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நல்ல மனிதர், கிழித்துப் போடவில்லை. "ஒருத்தர் நீங்க இல்லவே இல்லங்கிறார். ஒருத்தர் பொறக்குறதுக்கு முந்தியே இருந்தீங்கங்கிறார். சனிக்கிழமை ஏட்டு ஒருத்தரை நேர்ல அனுப்பி விசாரிக்கச் சொல்றேன். அவர் என்ன எழுதுறாரோ அதுதான்" என்றார். விசா முடிய அப்போது ஏழு நாள் பாக்கி.

சனிக்கிழமை, காலை 11 மணி. ஏட்டு பஸ்ஸில் வந்து, வலங்கைமானில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, வியர்த்து வழிய வந்து இறங்கினார். அறுவடை சமயத்தில் போலீஸ் தலை தெரிந்தால் என்ன ஆகும்? கோவிந்தனைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று தெரு முழுக்கக் கூடிவிட்டது. கோவிந்தனே கைதாகத் தயாராகத் தலையைச் சீவிக்கொண்டு வந்துவிட்டார். ஏட்டையா கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார்ந்து, அத்தை கொடுத்த மோரைக் குடித்து, விஷயத்தைச் சொன்னதும் கோவிந்தனுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

என்னிடம் எல்லாவற்றையும் கேட்டார். நான் வழக்கம்போல ரைஸ்மில் மாடி உட்பட எல்லாவற்றையும் முழுசாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே மிராசுதார் குடையோடும் கர்ணத்தோடும் வேகமாக வந்தார்.

"ஏட்டையா, என்ன எழுதுறீங்க? இந்த இடத்துல யாருமே குடியில்லீங்க. கோர்ட்டுல கேசு நடக்குது."

அவருக்கும் ஏட்டையாவுக்கும் நடுவில் அறுபது பேர் நின்றார்கள். ஒரு குழந்தை அழுதது.

"யாருமே இல்லாத எடத்துல எனக்கு மோர் குடுத்தது யாருங்க?" என்றார் ஏட்டையா.

"அது... தேங்கா பொறுக்க வந்தவங்க."

"அடுப்பு எரியுது."

"மட்டை எரிக்கிறாங்க."

ஏட்டையா அவசரப்படவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரிங்க. அப்ப நான் இப்படித்தான் எழுதணும். இந்தோனேசியா நாட்டுப் பெண், கர்ப்பிணி, குடுத்த விலாசத்துல இல்லை. மனை உங்களுது. கடைசியா செவ்வாக்கிழமை சாயந்தரம் உங்க வீட்டுக்கு வந்திருக்காங்க. உங்க மில்லு மாடியில தங்கச் சொல்லியிருக்கீங்க. அதுக்கப்புறம் ஆளைக் காணோம். அவங்க தூதரகம் டெல்லியிலேர்ந்து கேக்கும். நீங்க ஒரு நடை என்கூடத் தஞ்சாவூருக்கு வர்ற மாதிரி இருக்கும்."

மிராசுதாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னய்யா காணோம்? அதோ நிக்கிறாங்களே!"

"எங்கங்க?"

"அதோ, அந்த வீட்டு வாசல்ல!"

"எந்த வீடு?"

"தங்கராசு வீடு! அவங்க புருஷன் வீடு!"

"தங்கராசு எத்தனை நாளா அங்க இருக்கான்?"

"அவன் பொறந்ததே அங்கதான்யா!"

கர்ணம் மிராசுதாரின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் தாமதமாக இழுத்துவிட்டார். "எழுதிக்கிட்டேன்" என்றார் ஏட்டையா. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் மிராசுதார் சுதாரித்துக்கொள்வார் என்று அறுபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முனியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஏட்டையா ஒழுங்கானவர். சர்வே நம்பரைக் கர்ணத்தையே சொல்லச் சொல்லி எழுதினார். நான்கு எல்லை வேண்டும் என்று கேட்டு, கிழக்கே முனியம்மாள் வீடு, மேற்கே சின்னப்பன் வீடு என்று எழுதினார். மூன்று பிரதி. தூதரகம் என்ற சொல் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்ததோ என்னவோ, மிராசுதார் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பக்கத்தில் கர்ணமும் போட்டார். ஒரு பிரதி தஞ்சாவூருக்கு, ஒன்று வலங்கைமான் ஸ்டேஷனுக்கு, ஒன்று எனக்கு. போகும்போது ஏட்டையா இன்னொரு சொம்பு மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த புதன்கிழமை மூன்றாம் பயணம். விசா முடிய ஒரே நாள் இருந்தது. ரைட்டர் பாஸ்போர்ட்டில் முத்திரை வைத்தார். ஒரு வருஷம் இருக்கலாம், வருஷா வருஷம் வந்து புதுப்பிக்க வேண்டும். வெளியே வந்ததும் தங்கராசு நடுச்சாலையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். பெரிய கோயிலுக்குப் போகலாமா என்றார். கால் வீங்கியிருந்தது, பஸ் நின்றுகொண்டிருந்தது. திரும்பும் வழியில் அதே நடத்துனர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேன்ல, பேசித் தீத்துக்கலாம்னு" என்றார். மறுக்க மனம் வரவில்லை.

என் பிரதியைக் கோவிந்தன் வாங்கிப்போய்த் தாலுகா ஆபீசில் கொடுத்தார். இந்தத் தடவை அவர் ஒரு வரிகூடச் சேர்க்காமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது என்று மிராசுதார் கையெழுத்தோடு இருந்த முதல் காகிதம் அதுதான். அரசாங்கத்துக்கு அந்த வீட்டில் முதலில் கண்ணில் பட்ட ஆள், இந்த நாட்டுக்காரியே அல்லாத நான். பங்குனியில் எனக்குப் பெண் பிறந்தாள். ஆடியில் அத்தை பெயருக்கு மூன்று சென்ட் மனைக்குப் பட்டா வந்தது. எல்லையில் பெயர் இருந்த முனியம்மாளும் சின்னப்பனும் அதையே காட்டி மனுப் போட்டிருக்கிறார்கள். மற்ற வீடுகளின் வழக்கு நடக்கிறது.

பட்டா வந்த அன்று மாலை, வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்துக் காட்டினேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயர் வந்த இடத்தில் தன் விரலை எடுத்து வைக்கச் சொல்லி, அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, நிலைப்படிக்கு உள்ளே வந்து நின்றார்.

"வாம்மா" என்றார். "உள்ள வா."

எனக்குப் புரியவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

"நீ கப்பல்ல வந்து எறங்குன அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல. அடுத்தவரு எடத்துல நின்னுகிட்டு ஒருத்தரை எப்படி வான்னு கூப்பிடுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனேன்.